கண்ணாடி: ஒரு சொல்லின் கதை

(புத்தூரில் ஒரு முதியோர் படிப்பு மையத்தில் பேசிய பேச்சு)



அம்மாக்களே, அக்காக்களே, அண்ணன்மார்களே!

பகல் முழுவதும் பாடுபட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் கழனியிலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள். சிலர் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். நீளமாகப் பேசி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்தச் சொல் கண்ணாடி.

இந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே படிக்கிற ஒரு பெரியம்மாதான் எடுத்துக் கொடுத்தார். போன வாரம் அவர் பலகையில் 'கண்ணாடி' என்று எழுதினார். ஒரு பிழை இல்லை. எழுதிவிட்டு என்னைக் கேட்டார்:

"முகம் பார்க்கிறதும் கண்ணாடி. ஜன்னலில் இருக்கிறதும் கண்ணாடி. நீங்கள் மூக்கில் மாட்டியிருக்கிறதும் கண்ணாடி. மூன்றுக்கும் ஒரே பேரா? எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா மூன்றுக்கும் மூன்று பேர் சொல்கிறாரே?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன், பெரியம்மா" என்று தப்பித்துக்கொண்டேன். இந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்கிறேன்.

பிரித்துப் பார்ப்போம்

கண்ணாடி என்ற சொல்லில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று கண். இன்னொன்று ஆடி. கண் + ஆடி = கண்ணாடி.

இரண்டும் சேரும்போது 'ண்' இரட்டிக்கிறது. மண் + எண்ணெய் = மண்ணெண்ணெய். அதே போலத்தான் இதுவும்.

கண் நமக்குத் தெரியும். ஆடி என்றால் என்ன? ஆடி மாதமா? இல்லை. பழைய தமிழில் ஆடி என்றாலே முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

குறுந்தொகை என்று ஒரு பழைய நூல் இருக்கிறது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்திய பாட்டுகள் அதில் இருக்கின்றன. அதில் 8-ஆவது பாட்டைப் பாடியவர் ஆலங்குடி வங்கனார். அந்தப் பாட்டில் ஒரு பெண் ஒரு ஆணைக் கேலி செய்கிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சு பேசினான். தன் வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி சொன்னபடி ஆடுகிறான் என்கிறாள். எப்படி ஆடுகிறானாம்? நாம் கையைத் தூக்கினால் கண்ணாடியில் இருக்கும் உருவமும் கையைத் தூக்கும். காலைத் தூக்கினால் அதுவும் காலைத் தூக்கும். அது போல ஆடுகிறானாம்.

சிரிக்கிறீர்கள். 2000 ஆண்டுக்கு முன்னாலும் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

கண்ணாடியில் தெரியும் அந்த உருவத்துக்கு அந்தப் பாட்டில் ஒரு பெயர் வருகிறது. 'ஆடிப்பாவை' என்பது அந்தப் பெயர். பாவை என்றால் பொம்மை. ஆடி என்ற சொல் அன்றே இருந்தது என்பதற்கு இது சாட்சி. பிறகு அதன் முன்னால் கண் வந்து சேர்ந்தது. கண்ணாடி ஆயிற்று.

ஆடி என்ற பழைய சொல் செத்துப் போய்விடவில்லை. தமிழில் அறிவியல் படிக்கிற பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சமதள ஆடி, குழியாடி, குவியாடி என்று இருக்கும். நாம் மறந்த சொல்லைப் பள்ளிக்கூடம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒரு பெயர், மூன்று பொருள்

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் கண்ணாடி என்பது முகம் பார்க்கும் பொருளின் பெயர். அது உலோகத் தகடாக இருந்த காலமும் உண்டு. பிறகு மணலை உருக்கிச் செய்யும் பொருளில் முகம் பார்க்கும் கண்ணாடி வந்தது. அந்தப் பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி ஆயிற்று. அதே பொருளில் வில்லை செய்து மூக்கில் மாட்டினார்கள். அதுவும் கண்ணாடி ஆயிற்று. வேறுபாடு தெரிய வேண்டிய இடத்தில் மூக்குக்கண்ணாடி என்கிறோம். ஆள் உயரத்துக்கு நிற்பதை நிலைக்கண்ணாடி என்கிறோம். சின்னதைப் பெரிதாகக் காட்டுவதைப் பூதக்கண்ணாடி என்கிறோம்.

தெலுங்கில் அப்படி இல்லை. முகம் பார்ப்பது அத்தம். இதில் 'த' மெதுவாக ஒலிக்கும். ஜன்னலில் இருக்கும் பொருள் காஜு. அதனால்தான் கண்ணாடி வளையலுக்குக் காஜுலு என்று பெயர். மூக்கில் போடுவது கள்ளஜோடு. கள்ளத்தாலு என்றும் சொல்வார்கள். கள்ளு என்றால் அங்கே குடிக்கிற கள் இல்லை, கண்கள். கள்ளு, அத்தாலு இரண்டும் சேர்ந்து கள்ளத்தாலு. பார்த்தீர்களா? கண் + ஆடி போலவே இதுவும் கட்டப்பட்டிருக்கிறது.

மலையாளத்திலும் கண்ணாடிதான். கன்னடத்தில் கன்னடி. இலங்கையில் சிங்களம் பேசுகிறவர்கள் கண்ணாடிய என்கிறார்கள். நம் சொல் கடல் தாண்டியும் போயிருக்கிறது.

நம் புத்தூரில் இரண்டு மொழியும் ஒரே தெருவில் நடக்கின்றன. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது நாம் சென்னை மாகாணத்தில் இருந்தோம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக் கல் பல முறை நகர்ந்தது. ஆனால் வாயில் இருக்கும் சொற்களை யாரும் நகர்த்தவில்லை. சந்தையில் ஒரு கடைக்காரரிடம் கண்ணாடி கேட்டாலும் கொடுப்பார். அத்தம் கேட்டாலும் கொடுப்பார்.

தண்ணீரிலிருந்து வெள்ளி வரை

மனிதன் முதலில் எதில் முகம் பார்த்தான்? தண்ணீரில்தான். குளத்தில் குனிந்து பார்த்திருப்பான். காற்று வந்தால் முகம் கலைந்துவிடும்.

பிறகு கல்லைத் தேய்த்தான். துருக்கி நாட்டில் எரிமலைக் கறுப்புக் கல்லைத் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடிகள் கிடைத்திருக்கின்றன. அவை சுமார் 8000 ஆண்டு பழமை உள்ளவை. பிறகு செம்பும் வெண்கலமும் வந்தன. சிந்துவெளி நகரங்களில் செம்புக் கண்ணாடிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

நம் தமிழிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மார்கழி மாதம் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை பாடுவார்கள். ஆண்டாள் பாடிய தமிழ்ப் பாட்டு அது. அதில் 20-ஆவது பாசுரத்தில் 'தட்டொளி' என்று ஒரு சொல் வருகிறது. தட்டு + ஒளி. ஒளி வீசும் தட்டு. அதாவது கண்ணாடி. மெருகேற்றிய உலோகத் தட்டில் முகம் பார்த்த காலம் அந்தச் சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது.

அப்படிப்பட்ட கண்ணாடியை இன்றும் ஒரு ஊரில் செய்கிறார்கள். கேரளத்தில் ஆறன்முளை என்ற ஊர். செம்பையும் தகரத்தையும் உருக்கி வார்க்கிறார்கள். பிறகு எண்ணெய் போட்டு, துணியில் வைத்து, நாள் கணக்கில் தேய்க்கிறார்கள். எத்தனை பங்கு செம்பு, எத்தனை பங்கு தகரம் என்பதைச் சில குடும்பங்கள் வெளியில் சொல்வதில்லை.

உலோகக் கண்ணாடியா, சாதாரணக் கண்ணாடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் நுனியைக் கண்ணாடி மேல் வையுங்கள். சாதாரணக் கண்ணாடியில் உங்கள் விரலுக்கும் உள்ளே தெரியும் விரலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். உலோகக் கண்ணாடியில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இடைவெளி ஏன் வருகிறது? இங்கேதான் ஒரு ரகசியம் இருக்கிறது. நம் வீட்டுக் கண்ணாடியில் முகத்தைக் காட்டுவது கண்ணாடி அல்ல. அதன் முதுகில் பூசிய மெல்லிய உலோகப் பூச்சு. முன்னால் இருக்கும் கண்ணாடி அதற்குக் காவல். பழைய கண்ணாடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ பெயிண்ட் இருக்கும். பெயிண்ட் உரிந்து பூச்சும் போன இடத்தில் முகம் தெரியாது. சுவர்தான் தெரியும்.

முன்பு ஐரோப்பாவில் தகரத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். பாதரசப் புகை நஞ்சு. அந்த வேலை செய்தவர்களின் உடம்பு கெட்டது. 1835-இல் ஜெர்மனியில் லீபிக் என்ற விஞ்ஞானி கண்ணாடியில் வெள்ளி படிய வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு கண்ணாடி மலிந்தது. ராஜா வீட்டுப் பொருள் கூலிக்காரர் வீட்டுக்கும் வந்தது.

கண்ணாடிக்கு மூலப் பொருள் மணல். எல்லா மணலும் ஆகாது. வெள்ளை மணல் வேண்டும். அதைச் சிலிக்கா மணல் என்பார்கள். அந்த மணல் நமக்குத் தூரத்தில் இல்லை. கூடூர் பக்கம் சில்லக்கூரு, கோட்டா பகுதிகளில் அதைத் தோண்டுகிறார்கள். அந்த மணலோடு சோடா உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து, சுமார் 1500 டிகிரி சூட்டில் உருக்கினால் கண்ணாடி.

திருமலையில் கண்ணாடி மண்டபம்

நம்மில் பலர் திருமலைக்குப் போயிருக்கிறோம். கோயிலுக்குள் திருமலைராய மண்டபத்துக்கு வடக்கே ஒரு மண்டபம் இருக்கிறது. அதற்கு அத்தால மண்டபம் என்று பெயர். ஐனா மகால் என்றும் சொல்வார்கள்.

இந்த இரண்டு பெயரையும் பாருங்கள். அத்தாலு தெலுங்கு. ஐனா என்பது ஆயினா, பாரசீகச் சொல். அதற்கும் கண்ணாடி என்றுதான் பொருள். தமிழில் நாம் கண்ணாடி மண்டபம் என்போம். ஒரே இடம். மூன்று மொழியில் பெயர். சாமிக்கு எல்லாப் பெயரும் ஒன்றுதான்.

முன்பக்கம் வரிசைக்கு 6 தூணாக 6 வரிசை. மொத்தம் 36 தூண். உள்ளே பெரிய பெரிய கண்ணாடிகள். நடுவில் ஊஞ்சல். சாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். அதற்கு டோலோற்சவம் என்று பெயர். டோலா என்றால் ஊஞ்சல். ஒரு சாமி ஊஞ்சல் ஆடும்போது, கண்ணாடிகளில் வரிசை வரிசையாகப் பல சாமி ஆடுவார்.

இது எப்படி நடக்கிறது? சலூனில் இதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு கண்ணாடி. பின்னால் ஒரு கண்ணாடி. முன் கண்ணாடியில் தெரிவதைப் பின் கண்ணாடி வாங்கிக்கொள்கிறது. அது திரும்ப முன் கண்ணாடிக்குக் கொடுக்கிறது. இப்படி வாங்கி வாங்கிக் கொடுப்பதால் உருவம் பெருகுகிறது.

கேரளத்தில் நாராயண குரு என்று ஒரு பெரியவர் இருந்தார். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களைக் கோயிலுக்குள் விடாத காலம் அது. அவரே அவர்களுக்காகக் கோயில்கள் கட்டினார். 1927-இல் களவங்கோடம் என்ற ஊரில் சாமி சிலைக்குப் பதிலாக ஒரு கண்ணாடியை வைத்தார். கும்பிட வந்தவர் கண்ணாடியில் யாரைப் பார்த்திருப்பார்? தன்னையேதான். "நீ ஒதுக்கப்பட வேண்டியவன் அல்ல" என்று பத்து மணி நேரம் பேசிச் சொல்ல வேண்டியதை ஒரு கண்ணாடி சொல்லிவிட்டது.

அன்றாட உபயோகம்

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

நிலைக்கண்ணாடி வாங்கப் போகிறீர்கள். உங்கள் உயரம் 5 அடி. கண்ணாடி எத்தனை அடி வேண்டும்? கடைக்காரர் 5 அடி என்பார். வேண்டாம். இரண்டரை அடி போதும். சரியான உயரத்தில் மாட்டினால் தலை முதல் கால் வரை தெரியும். முகம் பார்க்க எப்போதும் பாதி உயரம் போதும். இது கணக்கு. மீதிப் பணத்துக்குப் பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம்.

ஆம்புலன்ஸ் வண்டியின் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்து திரும்பி எழுதியிருக்கும். எழுதினவருக்குப் படிப்பு தெரியாது என்று நினைக்காதீர்கள். கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும். முன்னால் போகிற டிரைவர் தன் கண்ணாடியில் பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும். உடனே வழி விடுவார்.

மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடி தட்டையானது அல்ல. வெளியே புடைத்திருக்கும். அதுதான் குவியாடி. அதில் நிறைய இடம் தெரியும். ஆனால் எல்லாம் சின்னதாகத் தெரியும். சின்னதாகத் தெரிவதால் லாரி தூரத்தில் வருவது போல இருக்கும். உண்மையில் கிட்டத்தில் வந்திருக்கும். நம் ஊர் வழியாகத் திருப்பதிக்கும் சென்னைக்கும் எத்தனை லாரி, பஸ் போகின்றன! கண்ணாடியை நம்பித் திடீரென்று திரும்பாதீர்கள். தலையைத் திருப்பி ஒரு முறை பாருங்கள். லாரிக்குப் பின்னால் போகும்போது இன்னொன்று: லாரியின் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், டிரைவருக்கு நீங்கள் தெரியவில்லை.

கழனியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணாடி தெரியும். கண்ணாடி விரியன். தெலுங்கில் ரக்தபிஞ்சரி. உடம்பில் கண்ணாடி வைத்துத் தைத்தது போல வட்ட வட்டமாக இருக்கும். கொடிய நஞ்சு. கடித்தால் மந்திரிக்கப் போகாதீர்கள். கடிவாயைக் கீறாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

என் தவறு

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மையத்தில் பாடம் நடத்தினேன். ஒரு பெரியவர் வந்தார். வயது 50 இருக்கும். முதல் பத்து நாள் ஒழுங்காக வந்தார். பலகையில் பெரிதாக எழுதினால் உடனே படிப்பார். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தடுமாறுவார். "எழுத்து எறும்பு மாதிரி ஓடுது சார். என் தலையில் படிப்பு ஏறாது" என்பார். பிறகு வரவில்லை. நான் போய்க் கேட்கவில்லை. சோம்பல் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன். மூக்கில் கண்ணாடி. கையில் தெலுங்குப் பேப்பர். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கண் முகாமில் கண்ணாடி கொடுத்தார்களாம். "சார், குறை தலையில் இல்லை, கண்ணில் இருந்திருக்கு" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பலகையைப் படித்தவர் புத்தகத்தைப் படிக்கவில்லை. அதைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் அவருக்கு வீணாயிற்று.

அவருக்கு இருந்தது வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துத் தெரிவதால் அந்தப் பெயர். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. இளமையில் அது வளைந்து கொடுக்கும். கிட்டத்தில் இருப்பதும் தெரியும், தூரத்தில் இருப்பதும் தெரியும். 40 வயதுக்கு மேல் அது இறுகிவிடும். கிட்டத்தில் இருப்பது மங்கும். இது நோய் அல்ல. தலை நரைப்பது போல எல்லோருக்கும் வருவது.

இதற்குத் தமிழில் சாளேசரம் என்றும் பெயர் உண்டு. இந்தியில் சாலீஸ் என்றால் 40. அதிலிருந்து வந்த சொல். தெலுங்கில் சத்வாரம் என்பார்கள். வடமொழியில் சத்வாரிம்சத் என்றால் 40. பாருங்கள், பெயரிலேயே வயது இருக்கிறது!

உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டத்தில் பிடியுங்கள். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் நன்றாகத் தெரிகிறதா? ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுகிறீர்களா? அரிசியில் கல் பொறுக்கக் கஷ்டமா? அப்படியானால் கண்ணைக் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். மங்கலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். கண்புரை இருக்கலாம். சர்க்கரை நோயால் கண் கெடலாம். கண்ணில் அழுத்தம் கூடியிருக்கலாம். இவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். அரசு மருத்துவமனையில் கண் பார்ப்பார்கள். 2019-இல் ஆந்திர அரசு 'கண்டி வெலுகு' என்று ஒரு திட்டம் தொடங்கி ஊர் ஊராகக் கண் பார்த்தது. கண்டி வெலுகு என்றால் கண்ணின் வெளிச்சம். முகாம் வரும் செய்தி கேட்டால் விட்டுவிடாதீர்கள்.

"இந்த வயதில் கண்ணாடி போட்டால் ஊர் சிரிக்குமே" என்று சில அக்காமார் சொல்கிறார்கள். மூக்குக்கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி நாட்டில் பிறந்தது. நம் பக்கம் முதலில் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வியாசராயர். விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் மதித்த குரு. திருமலையிலும் இருந்தவர். சுமார் 1520-இல் அவர் கண்ணாடி போட்டுப் புத்தகம் படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய சோமநாதர் என்ற கவிஞர் சொல்கிறார். ராஜகுருவே போட்டார். நமக்கு என்ன வெட்கம்?

கைப்புண்ணும் முதுகுப் புண்ணும்

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?" என்று ஒரு பழமொழி உண்டு. தெலுங்கிலும் அதே பழமொழி இருக்கிறது. "அரசேத்தி புண்டுகு அத்தமேலா?" கண் முன்னே தெரிவதற்குச் சாட்சி வேண்டாம் என்று பொருள்.

சரிதான். கையில் இருக்கும் புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். முதுகில் இருக்கும் புண்ணுக்கு? முகத்தில் இருக்கும் கரிக்கு? அதற்குக் கண்ணாடி வேண்டும். தினம் தினம் பழகிப் போன துன்பமும் அப்படித்தான். அது நம் முதுகில் இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை.

பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. உங்களைப் போலத்தான், கூலி வேலை செய்கிற பெண்கள் இரவில் வந்து படித்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. ஒரு ஊர்ப் பெண்கள் ஒன்று சேர்ந்து சாராயக் கடையை மூடிய கதை. அதைப் படித்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது நம் வீட்டுக் கதை அல்லவா? கூலிப் பணம் எங்கே போகிறது? அடி யார் வாங்குகிறோம்?" என்று பேசினார்கள்.

துபகுண்ட என்ற ஊரில் பெண்கள் எழுந்தார்கள். சாராயத்தை ஊருக்குள் விடவில்லை. 1992-இல் அது பல ஊருக்குப் பரவிப் பெரிய போராட்டம் ஆயிற்று. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராய விற்பனையை அரசு நிறுத்தியது.

அந்தப் பாடம் புதிதாக எதையும் சொல்லவில்லை. சாராயம் கெட்டது என்று அந்தப் பெண்களுக்கு முன்பே தெரியும். ஆனால் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி, தன் தலையெழுத்து இது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். பாடம் ஒரு கண்ணாடியாக நின்றது. அதில் எல்லோரும் ஒன்றாகத் தெரிந்தார்கள்.

புத்தகம் என்பது அப்படி ஒரு கண்ணாடி. படிக்கத் தெரியாதவர் முன்னால் அது பூச்சு உரிந்த கண்ணாடி. படிக்கக் கற்றுக்கொண்டவர் முன்னால் அது காட்ட ஆரம்பிக்கிறது.

வீட்டுக்குப் போய்ச் செய்ய

முடிக்கும் முன் மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று. ஒரு தாளில் ப என்றும் ட என்றும் பெரிதாக எழுதுங்கள். கண்ணாடிக்கு முன்னால் காட்டுங்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பாருங்கள். பிறகு உங்கள் பெயரை எழுதிக் காட்டுங்கள்.

இரண்டு. கண்ணாடி என்ற சொல் சேர்ந்த ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு வாருங்கள். நான் இன்று சொன்னவை வேண்டாம். உங்கள் வீட்டில், கடையில், தறிக்கூடத்தில் புழங்கும் சொற்கள் வேண்டும். தெலுங்குச் சொல்லும் வரலாம்.

மூன்று. இதுதான் முக்கியம். இந்த மையத்துக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால் தெரிகிறதா?" என்று கேளுங்கள். நான் ஒரு பெரியவரைக் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீங்கள் கேளுங்கள்.

பெரியம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? இன்னும் கேள்வி இருந்தால் அடுத்த வாரம் பலகையில் எழுதி வையுங்கள்.